பன்னிரண்டாவது ஃபைல்

வெள்ளிக்கிழமை மதியப் பாங்கு கேட்டதும் எங்கள் மருத்துவமனையில் மாத்திரை கொடுக்கும் ஜன்னலை அடைத்துவிடுவார்கள். எங்கள் ஊரான கம்பத்தில் அந்த நேரத்துக்குப் பாதிக் கடைகள் ஷட்டரை இறக்கியிருக்கும். டாக்டர், மேனேஜர், லேப் ஆள், டோக்கன் போடுகிறவர் எல்லோரும் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விடுவார்கள். பெண்கள் ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் போகும் வழக்கம் எங்கள் குடும்பங்களில் இல்லை. அதனால் அந்த ஒன்றேகால் மணி நேரம் மாடியில் கம்ப்யூட்டர் அறையில் நான் மட்டும் இருப்பேன். வாரத்தில் அந்த ஒரு பொழுதில்தான் டேட்டாபேஸை நிறுத்த முடியும். நிறுத்தினால்தான் என்னால் அதை நகலெடுக்க முடியும்.

நகலெடுப்பதற்கு டேட்டாபேஸுக்குள்ளேயே ஒரு கருவி இருக்கிறது. பெரிய நிறுவனங்களில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே அது எடுத்துவிடும், நிறுத்த வேண்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதை ஓட்டிப் பார்த்தேன். எங்கே எழுத வேண்டும் என்று நான் சரியாகச் சொல்லவில்லை. டேட்டாபேஸ் இருக்கும் அதே டிஸ்க்கில் அது நகலை எழுதித் தள்ளியது. டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நின்றுபோனது. அரை நாள் மருத்துவமனை முழுவதும் கையால் எழுதிச் சமாளித்தார்கள். மேனேஜர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"ஏம்மா, ஒங்களுக்கு முந்தி இருந்த ஆளு எட்டு வருசம் இருந்தாரு. ஒருநாளாச்சும் இப்பிடி ஆச்சா? இனிமே அந்தச் சனியனத் தொடாதீக. அவரு எப்படி எடுத்தாரோ அப்படியே எடுங்க."

அவர் எடுத்த முறை எளிமையானது. டேட்டாபேஸை ஒழுங்காக நிறுத்த வேண்டும். அதன் ஃபைல்களை ஒவ்வொன்றாக வெளி டிஸ்க்குக்கு நகலெடுக்க வேண்டும். மறுபடி ஓடவிட வேண்டும். அந்த முறையில் தவறு ஒன்றும் இல்லை. அப்படி எடுக்கும் நகல் சுத்தமான நகல். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு, அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உன்னிடம் என்னென்ன ஃபைல்கள் இருக்கின்றன என்று அந்தக் கருவி டேட்டாபேஸையே கேட்டுக்கொள்ளும். நான் கேட்டது என் பட்டியலை.

அந்தப் பட்டியலைப் பழைய ஆள் கிறுக்கி வைத்திருந்த தாளிலிருந்து நான்தான் அழகாக எழுதினேன். பதினொரு ஃபைல்கள். எழுத்து அழிந்துவிடக் கூடாது என்று பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டுச் சர்வருக்கு மேலே ஒட்டினேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பதினொன்றையும் எடுத்துவிட்டு ஒரு நோட்டில் தேதி போட்டு, பதினொன்று என்று எழுதி, கையெழுத்திட்டேன். என்னைப் போலப் பயந்தவளுக்கு அந்த நோட்டு பெரிய ஆறுதல். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிறவள் நான். ஆனால் அந்த நோட்டை நினைத்து ஒருநாளும் திரும்பி வந்ததில்லை.

பன்னிரண்டாவது ஃபைல் வந்தது ஒவ்வாமைப் பதிவுக்காக.

அதுவரைக்கும் எந்த மருந்து யாருக்கு ஒத்துக்கொள்ளாதோ அதைச் சிவப்பு மையில் ஒரு சீட்டில் எழுதி நோயாளி கையில் கொடுத்துவந்தோம். மழையில் நனைந்தும், துணியோடு சேர்த்துத் துவைக்கப்பட்டும் அந்தச் சீட்டுகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. எனவே மென்பொருள் நிறுவனத்திடம் சொல்லி, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு புதிய பகுதி வாங்கினார்கள். நோயாளியின் எண்ணைத் தட்டினால் திரையின் மேலே பெயருக்குக் கீழேயே சிவப்பில் காட்டும். அவர்களுடைய இன்ஜினியர் வெளியூரிலிருந்தபடியே எங்கள் சர்வரில் நுழைந்து எல்லாம் செய்துவிட்டுப் போனில் பேசினார்.

"மேடம், அந்த டிஸ்க்ல இடமே இல்ல. தற்காலிகமா இன்னொரு டிஸ்க்ல ஒரு ஃபைல் போட்டிருக்கேன்."

"நான் ஏதாச்சும் செய்யணுமா?"

"ஒண்ணும் வேணாம் மேடம், எல்லாம் தானா ஓடும்."

தற்காலிகம் என்ற சொல் என் காதில் விழுந்தது. இன்னொரு டிஸ்க் என்பதும் விழுந்தது. பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று பேனாவோடு எழுந்தும் போனேன். லேமினேஷன் மேல் பேனா எழுதவில்லை, வழுக்கியது. புதிதாக எழுதி ஒட்டிக்கொள்ளலாம் என்று வந்து உட்கார்ந்தேன். அவ்வளவுதான். அது என் நினைவுக்கு மறுபடி வந்தபோது ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

அன்று அந்தப் புதிய பகுதியில் முதல் ஆளாக என் மகளைத்தான் ஏற்றினேன். அவளுக்கு ஒன்பது வயதில் ஓர் ஊசி போட்டு, உதடும் கண்ணிமையும் வீங்கி, மூச்சு விட முடியாமல் என் மடியில் கிடந்திருக்கிறாள். அந்த மருந்தின் பெயரை நான் தூக்கத்தில் கேட்டாலும் எழுத்துப் பிசகாமல் சொல்வேன். பிறகு ஒரு வாரம் முழுவதும் நோயாளிகள் கொண்டுவந்த சிவப்புச் சீட்டுகளைப் பார்த்து ஏற்றினோம். ஏற்றிய சீட்டுகளை வாங்கிக்கொண்டோம். அவை மூட்டையாகப் பழைய பேப்பர் கடைக்குப் போயின. டோக்கன் போடுகிறவர் வரிசையில் நின்றவர்களிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"சீட்டத் தூக்கிக்கிட்டு அலையாதத்தா. எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிருச்சு. நம்பரச் சொன்னாப் போதும்."

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலைப் பக்கமிருந்து இடி இறங்கியது. சர்வரின் இரண்டு டிஸ்க்குகளும் போயின. மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் வந்துவிட்டேன். மேனேஜர் உத்தமபாளையத்திலிருந்து மாற்று இயந்திரம் ஒன்றைத் தருவித்திருந்தார். நகல் எடுத்து ஒருநாள்கூட ஆகவில்லை. என் முகத்தில் அன்று கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும். பதினொரு ஃபைல்களையும் பழைய இடத்திலேயே வைத்தேன். டேட்டாபேஸைத் திறக்கச் சொன்னேன்.

அது திறக்கவில்லை. பன்னிரண்டாவது ஃபைலைக் காணவில்லை என்றது.

இதை நான் பலமுறை எனக்குள் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். அது என்னை ஏமாற்றவில்லை. தன்னிடம் எத்தனை ஃபைல்கள் உண்டு என்று அதற்குத் தெரியும். எண்ணைச் சொல்லி, இருக்க வேண்டிய இடத்தையும் சொல்லிக் கேட்டது. நான் இன்ஜினியரைக் கூப்பிட்டேன். அவர் போனை எடுக்கவில்லை. மூன்றாவது முறை கூப்பிடும்போது மேனேஜர் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, கீழ சனம் கத்துது. தெருவரைக்கும் வரிசை நிக்கிது. எப்பத்தான் தொறப்பீக?"

"ஒரு ஃபைலு இல்லங்குதுண்ணே."

"ஒண்ணுதான? மத்ததெல்லாம் இருக்குல்ல? தொறங்கம்மா."

அவரைக் குறை சொல்ல முடியாது. ஃபைல் என்றால் அவருக்கு அலமாரியில் இருக்கும் அட்டைதான். எனக்குத்தான் தெரியும். அந்த ஒரு ஃபைலை ஒதுக்கிவிட்டுத் திற என்று சொல்ல ஒரு கட்டளை உண்டு. அப்படிச் சொன்னால் டேட்டாபேஸ் மறுபேச்சுப் பேசாது. தற்காலிகமாகப் போட்டது என்றுதானே இன்ஜினியர் சொன்னார், சோதனைக்காக எதையாவது வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள விரும்பினேன் என்பதுதான் சரி. ஒரு வரி தட்டினேன். திறந்துவிட்டது. மேனேஜர் படியில் நின்றபடி கீழே பார்த்து, "டோக்கன் போடலாம்" என்று கத்தினார். மணி பத்தேகால்.

ஆயா டீ கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். எந்த வேலை முடிந்தாலும் ஒருமுறை என் மகளின் பக்கத்தைத் திறந்து பார்ப்பது என் பழக்கம். அவளுடைய நம்பர் எனக்கு மனப்பாடம் என்பதால் அதில் சோதித்துப் பார்ப்பேன் என்று மற்றவர்களிடம் சொல்வேன். டீயை வைத்துவிட்டு அதைத் திறந்தேன். பெயர் சரி, வயது சரி, ரத்த வகை சரி.

மருந்து ஒவ்வாமை: இல்லை.

சிவப்பு இல்லை, பச்சையில் இருந்தது. அந்த மென்பொருளை எழுதியவர், பதிவு கிடைக்காவிட்டால் இல்லை என்று காட்டும்படி எழுதியிருக்கிறார். தெரியவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் ஓர் உயிர் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பன்னிரண்டாவது ஃபைலில் என்ன இருந்தது என்று எனக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. பத்து நாற்பது.

மேசையில் இண்டர்காம் இருந்தது. ஊசி போடும் அறையின் எண்ணைப் பெரிதாக எழுதி அதன் மேலேயே ஒட்டியிருக்கிறோம். இரண்டு இலக்கம்தான். அதை எடுத்து, நிறுத்துங்கள், திரையை நம்பாதீர்கள், வாயால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தால் அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

நான் செல்போனை எடுத்து என் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன்.

அன்று சனிக்கிழமையும் தேர்வு வைத்திருந்தார்கள். காலையில் அவள் தொண்டை வலிக்கிறது என்றாள். தேர்வு முடிந்ததும் நேராக மருத்துவமனைக்கு வந்துவிடு, டாக்டரிடம் காட்டலாம் என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன். தேர்வு முடியப் பன்னிரண்டரை ஆகும். நிதானமாக யோசித்தால் இரண்டு மணி நேரம் இருந்தது. நான் யோசிக்கவில்லை. ஆபீஸில் இருந்தவர் தேர்வு நேரத்தில் கூப்பிட முடியாது என்றார். உயிர்ப் பிரச்சினை என்று சொன்னேன். அவர் போனை மேசையில் வைத்துவிட்டு நடந்து போகும் சத்தம் கேட்டது. ஒரு மின்விசிறி கடகடவென்று சுற்றியது. அது இன்னும் என் காதில் சுற்றுகிறது. ஏழு நிமிடம் கழித்து அவள் வந்தாள். செல்போனில் பதிவாகியிருந்த நேரத்தைப் பிறகு பார்த்துத்தான் ஏழு என்று சொல்கிறேன்.

"என்னம்மா ஆச்சு? அத்தாவுக்கு என்ன?" தன் அப்பாவுக்குத்தான் ஏதோ என்று பயந்துவிட்டாள்.

"அத்தாவுக்கு ஒண்ணுமில்ல. நீ ஊசி எதுவும் போட்டுக்கிறாத. யாரு சொன்னாலும் போட்டுக்கிறாத."

"பரீட்ச ஹால்ல யாரும்மா எனக்கு ஊசி போடப் போறாக? ஒனக்கென்ன கிறுக்கா? பதினஞ்சு மார்க்குக் கேள்விய பாதியில விட்டுட்டு ஓடி வந்திருக்கேன்."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போது கீழே யாரோ "சிஸ்டர்" என்று அலறினார்கள். பிறகு ஒரு தாயின் குரல், சொற்கள் இல்லாமல்.

ஆறு வயதுப் பெண் குழந்தை. அம்மா காமயகவுண்டன்பட்டிக்காரி. மலைக்கு மேலே கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குத் தினமும் விடியலில் ஜீப்பில் வேலைக்குப் போகிறவள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று அன்று ஜீப்பை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வந்திருக்கிறாள். நம்பரைச் சொன்னாள். ஊசி போடும் சிஸ்டர் திரையைப் பார்த்தார், பச்சையில் இருந்தது. அடுத்த சில நிமிடங்களில் குழந்தையின் உதடு தடித்து, கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவந்து, மூச்சு இழுத்தது. நான் படியிறங்கி வந்தபோது டாக்டர் முழங்காலிட்டு மாற்று ஊசியைக் குழந்தையின் தொடையில் போட்டுக்கொண்டிருந்தார். ஆக்ஸிஜன் உருளையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். அம்மா சுவரில் சாய்ந்து நின்று ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"போன தடவையே ஏத்திட்டோம்னு சொன்னாகளே. ஏத்திட்டோம்னு சொன்னாகளே."

குழந்தை பிழைத்துவிட்டது. மதியத்துக்குள் கண் திறந்து தண்ணீர் கேட்டது. இரண்டு நாள் வார்டில் வைத்துப் பார்த்தார்கள்.

அதற்குப் பிந்தைய வாரங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்றே அந்தத் திரையை மூடினோம். ஒவ்வொரு நோயாளியையும் வாயால் கேட்ட பிறகே ஊசி என்று ஆனது. எரிந்த டிஸ்க்குகளை மதுரைக்கு அனுப்பினோம், ஒன்றும் மீளவில்லை. டாக்டருக்கு நினைவிருந்தவர்கள், வார்டு நோட்டுகளில் எழுதியிருந்தவர்கள், தாமாகவே வந்து சொன்னவர்கள் என்று சேர்த்துச் சேர்த்து மறுபடி ஏற்றினேன். எல்லோரும் கிடைத்துவிட்டார்களா என்று மேனேஜர் கேட்டார். மொத்தம் எத்தனை பேர் என்பதும் அந்த ஃபைலில்தான் இருந்தது. எத்தனை பேர் இன்னும் பாக்கி என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. சந்தையில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களில், டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களில், தங்கள் உடம்புக்குள் ஒரு மருந்தின் பெயரை வைத்துக்கொண்டு, அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று நிம்மதியாகப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஊசி அறையில் குழந்தை அழுதால் என்னை ஒன்றும் செய்வதில்லை. அழுகை சட்டென்று நின்றால்தான் எழுந்து ஓடுகிறேன். இதுவரை ஓடியதெல்லாம் வீண். மிட்டாய் கொடுத்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் காலை அந்தக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் வார்டுக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் மேனேஜர் என்னை வழியில் நிறுத்தினார்.

"அல்லா காப்பாத்திட்டான். அந்தப் புள்ள நல்லாருக்கு. நீங்களாப் போயி எதையும் சொல்லி வச்சிராதீக."

"பாக்கத்தான் போறேன்."

"பாத்துட்டு வாங்க. பேசாதீக."

அவள் கட்டிலில் உட்கார்ந்து துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை இடுப்பில் தொற்றிக்கொண்டிருந்தது. என்னை யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. மாடியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள் என்றேன்.

"ஒன் புள்ளையோட பதிவு கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. ஏத்திட்டோம்னு சொன்னது பொய்யில்ல. நான்தான் தொலைச்சேன்."

"தொலைச்சுட்டீகளா? எங்கன வச்சு?"

நகை தொலைந்ததைக் கேட்பது போலக் கேட்டாள். பதினொரு ஃபைல்களைப் பற்றியும் பட்டியலைப் பற்றியும் எனக்குத் தெரிந்தவரை எளிமையாகச் சொன்னேன். வாரா வாரம் எண்ணித்தான் எடுத்துவைத்தேன், பன்னிரண்டாவதாக ஒன்று இருந்ததை எண்ணவில்லை என்றேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"எங்க ஜீப்புல கங்காணி தலைய எண்ணித்தானக்கா ஏத்துவான். காலையில எண்ணுவான், சாயங்காலம் தோட்டத்துல இருந்து கெளம்புறப்பயும் எண்ணுவான். இத்தன பேருன்னு காயிதத்துல எழுதி வச்சிருந்தாலும் அதப் பாத்து எண்ண மாட்டான். மூஞ்சியப் பாத்துத்தான் எண்ணுவான்."

"நான் காயிதத்தப் பாத்து எண்ணிட்டேன்."

"காட்டுல ஒருத்திய விட்டுட்டு எறங்கிட்டீக."

கோபமாகச் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது என்று சொன்னாள். அதோடு நான் திரும்பியிருக்கலாம். ஆனால் மிச்சத்தையும் சொன்னேன். ஊசி போடுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, கீழே சொல்வதற்குப் பதில் என் மகளுக்குப் போன் செய்தேன், ஏழு நிமிடம் ஆனது என்றேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதை இழுத்து மூடினாள்.

"ஒங்க மக போன எடுத்தாளா?"

"எடுத்தா."

"என்ன சொன்னா?"

"பரீட்ச எழுதும்போது எதுக்குக் கூப்புடுறன்னு வஞ்சா."

அவள் சிரித்துவிட்டாள். உண்மையாகவே சிரிப்புத்தான், பற்கள் தெரிந்தன. "எல்லாப் புள்ளைகளும் அப்படித்தான்" என்றாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். ஏழேகால் பஸ் போய்விட்டது, அடுத்ததையாவது பிடிக்க வேண்டும் என்றாள்.

குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்தில் சிவப்பு முழுவதும் மறைந்திருக்கவில்லை. தலையைத் தடவிக்கொடுக்க நான் கையை நீட்டினேன். அதற்குள் அவள் குழந்தையை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பை கனத்திருக்கலாம், தோளுக்குத் தோதாக மாற்றியிருக்கலாம். நீட்டிய கையை நான் கட்டில் கம்பியின் மேல் வைத்துக்கொண்டேன். அவள் வார்டைக் கடந்து போய்விட்டாள்.